‘கதவைப் பூட்டாதே’ என்றொரு ஜப்பான் கார்ட்டூன்

ஒரு குட்டி ஜப்பான் கார்ட்டூன் நம்முடைய ஆட்களை ஆட்டிவைக்கும் என்று எழுபதுகளிலேயே சொன்னவன் நான். இன்றைக்கு அது நிரூபணமாகிவிட்டது.

மெல்பேர்ணில் ஒரு மண்டபத்தில் பத்து நிமிடம் ஓடிய படம். பெயர் ‘கதவைப் பூட்டாதே’. போருக்குப் போன மகனுக்காக ஒரு தாய் இரவெல்லாம் கதவைத் திறந்துவைத்திருப்பாள். கடைசியில் மகன் மழையில் நனைந்தபடி உள்ளே வருவான். மண்டபமே அழுதது. அழுது மயங்கிய இரண்டு வெள்ளைக்காரரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கதையை நான் சொல்லாத தமிழ் வீடு இங்கே இல்லை. ஊரில் மகனைத் தொலைத்துவிட்டு வந்த மகேஸ்வரி அக்காவுக்கும் சொன்னேன்.

இன்று ஸ்பிரிங்வேல் மீன்கடையில் அவருடைய மகளைக் கண்டேன்.

“அங்கிள், போன கிழமை கள்ளன் வந்து அம்மாவைத் தள்ளி விழுத்திப்போட்டான். கை முறிஞ்சு போச்சு.”

“கதவு பூட்டேல்லையோ பிள்ளை?”

“அவ எந்தக் காலம் பூட்டினவ? என்னோட வந்து இருங்கோ எண்டாலும் வாறா இல்லை. அண்ணா அந்தக் கதவுக்குத்தான் வருவானாம். கேட்டா உங்கட படத்தைச் சொல்லுறா. அதில மகன் வந்தவன்தானே அங்கிள்?”

“ஓம் பிள்ளை, வந்தவன்.”

மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

படத்தில் யாரும் வரவில்லை. விடியும்போது காற்றுதான் கதவைச் சாத்தியது. மகன் வந்தது நான் சேர்த்தது.

அக்காவிடம் இதைப் போய்ச் சொல்ல யார் தயார்? இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். நான் காரிலேயே இருப்பேன்.