ஆறு வாத்துகளும் ஓர் ஆயுத பூஜையும்

நல்ல வீடியோ கேம் எது என்று யாராவது என்னிடம் கேட்டால், துப்பாக்கி இல்லாதது என்பேன். பெரிய கம்பெனிகள் நூறு பேரை உட்கார வைத்துச் செய்யும் விளையாட்டுகள் எனக்கு ஒத்து வராது. உள்ளே நுழைவதற்குள் நாலு பேரைச் சுடச் சொல்வார்கள். எங்கோ ஓர் அறையில் ஒற்றை ஆள் தூக்கம் கெட்டுச் செய்த சின்ன விளையாட்டுகள்தான் என் கட்சி. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினால் கூடவே ஒரு சிடி வரும். அதில் இருக்கும். மழைத்துளியைக் கூரையிலிருந்து குடத்துக்குக் கொண்டு சேர்ப்பது ஒன்று, தூங்குகிறவர் மூக்கில் ஈயாக உட்காருவது ஒன்று. எல்லாவற்றிலும் உசத்தி வாத்து விளையாட்டுதான். அதைக் குறை சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

அப்போது காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், வெளியே போகும் சரக்குக்கு டெஸ்பாட்ச் சலான் அடித்துக்கொண்டிருந்தேன். காலையில் செவ்வாப்பேட்டையில் ரயிலைப் பிடித்து, திருவள்ளூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய்ச் சேர்ந்ததும் என் முதல் வேலை சலான் அல்ல, வாத்து. திரையில் ஒரு குளம், ஆறு வாத்துகள். ஒரு பொத்தானை மவுஸால் அழுத்திப் பிடித்தால் இரை விழும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் அவற்றின் பசி அணையாது. ஒரு நாள் பட்டினியைப் பொறுத்துக்கொள்ளும், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பயமில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போடாவிட்டால் குளத்தை விட்டுப் போய்விடும், திரும்பி வராது.

போல்ட்டுகளை அளந்து பார்க்கும் க்யூசி அக்காதான் இதில் என் கூட்டாளி. வாத்துகளுக்கு நாங்கள் கம்பெனிப் பதவிகளையே பேராக வைத்திருந்தோம். சூப்பர்வைசர் எப்போதும் கடைசியாக வரும். டெஸ்பாட்ச் என் சாயலில் மெலிந்திருக்கும். மேனேஜர், லேத்து, க்யூசி மூன்றும் ஒன்றையொன்று கொத்தும். முதலாளி மட்டும் எல்லார் பங்கையும் தின்று பூசணிக்காய் மாதிரி மிதக்கும். இப்படி நாற்பது நாள் வளர்த்துவிட்டோம்.

அந்த வருடம் ஆயுத பூஜை சனிக்கிழமையில் வந்து தொலைத்தது. ஞாயிறு விஜயதசமி. வெள்ளி மாலையே கம்பெனியில் பூஜை போட்டுவிட்டால் திங்கள் காலை வரை எந்த மெஷினையும் தொடக்கூடாது. எங்கள் முதலாளி இதில் ரொம்பக் கறார். எடைமெஷினுக்கும் டீ ஃபிளாஸ்குக்கும்கூடப் பொட்டு வைக்கிற மனிதர், கம்ப்யூட்டரை விடுவாரா? எனக்கு அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பொம்மை வாத்துதானே என்று என் மனசுக்கு எவ்வளவு சொல்லியும் அது கேட்கவில்லை.

வழி கண்டுபிடித்தது க்யூசி அக்கா. உள்ளங்கை நீளத்துக்குக் கனமான ஒரு போல்ட்டை எடுத்துச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியும் சொருகி, மவுஸின் இடது காதின் மேல் உட்கார வைத்தார். திரையில் அம்புக்குறி இரைப் பொத்தானின் மேல். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டோம். உள்ளே இரண்டு நாளும் இரை கொட்டிக்கொண்டே இருக்கும், வெளியே பார்ப்பவர்களுக்கு அது பக்தி. முதலாளி வந்து பார்த்து, எங்கள் இருவரைப் போல் பயபக்தி மற்றவர்களுக்கும் வரவேண்டும் என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கரண்ட் ஓடிக்கொண்டிருந்தால் மெஷின்களுக்கு ஏது ஓய்வு என்பது அவர் கணக்கு. அவர் இப்படிச் செய்வார் என்பது எங்கள் மண்டைக்கு எட்டவேயில்லை. கற்பூரம் காட்டும்போது யுபிஎஸ் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. மணிச் சத்தம்போல் இருந்ததால் எல்லாரும் இன்னும் உருக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொரியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்தக் கீ கீயையே கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது, கூடவே கம்ப்யூட்டரும். முதலாளி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவரே கற்பூரம் ஏற்றி கம்ப்யூட்டரைப் போட்டார். நான் ஓடிப்போய் குளத்தைத் திறந்தேன். ஐந்து வாத்துகள் இல்லை. நடுக்குளத்தில் முதலாளி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. தின்று சேர்த்த கொழுப்பு அதைக் காப்பாற்றியிருக்கிறது. நல்ல நாளும் அதுவுமாக, அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாமா ஆச்சு?" என்றார் முதலாளி.

பொய் சொல்ல வரவில்லை. வாத்து, போல்ட்டு, பேர்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். இன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன். க்யூசி அக்கா மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

முதலாளி திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். எதைத் தொட வேண்டும் என்று கேட்டு, அவரே மவுஸை அழுத்தி இரை போட்டார். வாத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி போட்டார். கூட்டாளி இல்லாத வாத்து சாப்பிடாது என்பது அந்த விளையாட்டின் விதி. அதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. அவர் மவுஸிலிருந்து கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

"வேற வாத்து எடுக்கலாம் இல்ல?" என்றார்.

முதலிலிருந்து ஆரம்பித்தால் ஆறு முட்டை கிடைக்கும் என்றேன்.

"ஆரம்பி. இந்தத் தபா எதுக்கும் மொதலாளின்னு பேரு வெக்காத."