பிடியரிசிக்குள் முடி

அம்மாவின் சீப்பிலிருந்து நான் முதன்முதலாக எண்ணியெடுத்த முடிகள் அறுபத்து மூன்று. மறுநாள் எழுபத்தொன்று. மூன்றாம் நாள் எண்பத்தெட்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது, அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். இரணியலிலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கள் வீடு. அப்பா அருமனையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவார். அக்காளை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆகவே வாரத்தில் ஐந்து நாள் அந்த வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அவளுக்கு ஏதாவது வந்தால் என்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

எண்ணத் தூண்டியவர் எங்கள் சபை உபதேசியார். மனுஷர் தலையில் எத்தனை முடி உண்டோ அத்தனையையும் கர்த்தர் எண்ணி வைத்திருக்கிறார், ஆகையால் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொன்னார். மற்றப் பிள்ளைகள் பயப்படாமல் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அன்றுதான் பயம் பிடித்தது. எண்ணி வைப்பது எதற்கு? எண்ணி வைத்தது தீர்ந்துபோனால் என்ன ஆகும்? பானையில் அரிசி தீர்ந்தால் சோறில்லை. தலையில் முடி தீர்ந்தால் ஆளில்லை. என் புத்தி இப்படித்தான் போயிற்று. மொத்தம் எத்தனை என்று உபதேசியாரிடம் கேட்டேன். அது கர்த்தருக்குத்தான் தெரியும் என்றார். தினமும் எத்தனை போகிறது என்று எனக்குத் தெரியும், இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரியாது. இதைவிடப் பெரிய பயத்தை இந்த எண்பத்துநான்கு வயதுக்குள் நான் அனுபவித்ததில்லை.

பயத்துக்கு வேறு அடையாளங்களும் இருந்தன. அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்கு முகம் சிவந்து வியர்வை கொட்டும். எழுந்து கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொள்வாள். காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தால் உடம்பு ஈரமாகச் சில்லென்றிருக்கும். காரணமில்லாமல் அழுவாள். அரிசி களைந்த பாத்திரத்தை எங்கே வைத்தோம் என்று தேடுவாள். மாதவிலக்கு நிற்கிற பருவத்தில் பெண்கள் படும் பாடு இது என்று நான் அறிந்துகொள்ள இன்னும் முப்பத்தொன்பது வருஷமும் ஒரு மனைவியும் வேண்டியிருந்தது.

அம்மா சும்மா இருக்கவில்லை. செம்பருத்தி இலையைத் தலை தேய்க்கும் தாளியாக அரைத்துத் தேய்த்தாள். கையோன்னி என்கிற கரிசலாங்கண்ணியின் சாறு விட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினாள். வெந்தயம் ஊறவைத்தாள். ஈருள்ளி வெங்காயச் சாற்றைப் பூசிக்கொண்டு கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். வகிடு அகலமாகி உச்சந்தலையில் தோல் தெரிந்த இடத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து விரலால் ஒற்றிக்கொள்வாள். உதிர்ந்த முடியை எறிவதில்லை. காக்கை கொண்டுபோய்க் கூட்டில் வைத்தால் தலைவலி வரும், பொல்லாதவர்கள் கையில் கிடைத்தால் மந்திரவாதம் பண்ணுவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் பயம். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும் அது போய்விடவில்லை. ஆகவே முடியை விரலில் சுற்றி உருண்டையாக்கி, தான் பின்னுகிற லேஸ் நூலால் ஒரு கட்டுப் போட்டு, கூரை இறப்பில் செருகியிருந்த ஓலைப்பெட்டியில் வைப்பாள். கொஞ்சம் சேர்ந்ததும் அவற்றைப் பிரித்து நீவித் தன் சவுரியோடு சேர்த்துக் கட்டுவாள். இப்படித் தலையில் முடி குறையக் குறைய அம்மாவின் கொண்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. சபையில் அந்தக் கொண்டையைப் பார்த்து ஏங்கியவர்கள் உண்டு. அப்பாவுக்குக்கூட விஷயம் தெரியாது. தெரிந்தவர்கள் நானும் அக்காளும் மட்டும்.

அக்காள் ஒருமுறை வந்திருந்தபோது, "இந்தப் பிராயத்துல எல்லாருக்கும் உள்ளதாக்கும் அம்மா" என்று ஆறுதல் சொன்னாள்.

"எல்லாருக்கும் எங்கட்டி? மூப்பர் வீட்டு மைனிக்கு என்னைவிட நாலு வயசு கூட. அவளுக்கக் கொண்டையப் பாத்தியா?" என்றாள் அம்மா, தாளி வழியும் தலையோடு.

பதினோராம் நாள் நூற்று நான்கு முடி விழுந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று தீர்மானித்தேன். உதிர்ந்தவை எங்கும் தொலைந்துவிடவில்லை, எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன என்று கர்த்தருக்குத் தெரிந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ள மாட்டாரா? அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் உலைக்கு அரிசி எடுக்கும்போது அதில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். மாத முதல் ஞாயிறு அந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போகும். அதில் போடுவதெல்லாம் கர்த்தருக்கு என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் ஓலைப்பெட்டியிலிருந்து ஏழு உருண்டைகளை எடுத்தேன். காய்ந்த வாழைச் சருகில் பொதிந்து, பனைநாரால் மூன்று சுற்றுக் கட்டி, கலயத்தின் அடியில் புதைத்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து ஆண்கள் போய்விட்டார்கள். அப்பாவும் உபதேசியாரோடு பேசிக்கொண்டே நடந்துவிட்டார். கோயில் தாழ்வாரத்தில் விரித்த பாயில் நாற்பத்திரண்டு வீட்டு அரிசியும் கொட்டிக் குவித்தாயிற்று. எல்லாம் ஒரே குவியல். நாழியால் அளந்து கூடையில் போடுவது கோயில் கூட்டுகிற பெண்ணின் வேலை. புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பி வராதவள் அவள். அவள் தகப்பன் மந்திரித்துக் கயிறு கட்டுகிறவன். அவள் சபையில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கோயிலைக் கூட்டிக் கிடைக்கிற அரிசியில்தான் அவளும் அவள் பெண்குழந்தையும் கஞ்சி குடித்தார்கள்.

அவள் பதினெட்டாவது நாழியை அளக்கும்போது என் பொதி அவள் கையில் வந்தது. என்னவோ என்று பிரித்தாள். ஏழு உருண்டைகளும் அரிசியின்மேல் விழுந்தன.

பெண்கள் பின்வாங்கினார்கள். யாரோ பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். மூப்பரின் மனைவி மட்டும் அசையவில்லை. அம்மாவுக்கு மைனி, எனக்கு அவர் மாமி முறை. சபைப் பெண்களுக்கெல்லாம் அவர் சொல்தான் சட்டம்.

"தகப்பனுக்கத் தொழில கோயிலுக்குள்ள கொண்டு வந்துட்டியா?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"நான் ஒண்ணும் அறியமாட்டேன் மாமி. அரிசிக்குள்ள கெடந்ததாக்கும்" என்றாள் அவள்.

இனி அவள் கோயில் படி சவுட்டக் கூடாது, இன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று மாமி சொன்னார். அவளுடைய பெண்குழந்தை ஓடிவந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவுக்கு எத்தனை முடி போயிற்று என்பதும் வெளியே வரும். அம்மா உருண்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். லேஸ் பின்னுகிற பெண்கள் அந்தச் சபையில் பன்னிரண்டு பேர். அந்த நூல் யாருடையதாகவும் இருக்கலாம். அவள் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"அவளை விட்டுருங்க மைனி. அது எனக்கத் தலைமுடி. எங்க கலயத்துல தவறி விழுந்திருக்கும்" என்றாள் அம்மா.

மாமி சிரித்தார். "ஒனக்கு எரக்கம் கூடிப்போச்சு பிள்ளே. பொதிஞ்சு கட்டியா தவறி விழும்? இவ்வளவு முடி கொட்டுனவளுக்கத் தலையில தேங்கா முழுப்புல கொண்டை நிக்குமா?"

நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். அம்மா சொன்னதை யாரும் நம்பவில்லை. அவள் கட்டிக் காத்த கொண்டையே அவளுக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது.

அம்மா முக்காட்டை எடுத்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஐந்து ஊசிகள். சவுரியைப் பிடித்து இழுத்து, உருண்டைகளின் பக்கத்தில் அரிசியின்மேல் வைத்தாள். அது ஏதோ ஒரு பிராணி சுருண்டு படுத்திருப்பதுபோல் கிடந்தது. அம்மாவின் தலையில் மிஞ்சியது என் சுண்டுவிரல் கனத்தில் ஒரு வால். உச்சியில் தோல் தெரிந்தது. வியர்வையில் விளக்குக் கரி கரைந்து நெற்றியில் இரண்டு கோடாக இறங்கியது.

"போதுமா மைனி?" என்று கேட்டாள்.

மூப்பர் வீட்டு மாமி தன் முக்காட்டை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கிக்கொண்டு, முதல் ஆளாகப் படியிறங்கிப் போனார். அவருக்கு என்ன அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கியதாக நான் நினைத்தது ஒன்றுதான். அம்மாவுக்கு என் யோசனை புரிந்துவிட்டது. கர்த்தர் சரியாக எண்ணட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்து வெளியில் வைத்துவிட்டாள். தலையில் உள்ளது, உதிர்ந்தது, சவுரியில் உள்ளது, மூன்றும் ஒரே இடத்தில். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. எண்ணுகிறவருக்கு இடைஞ்சல் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கு நேரம் வேண்டுமே என்று மெதுவாக ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினேன்.

கண்ணைத் திறந்தபோது தாழ்வாரம் காலியாயிருந்தது. அம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் முழங்காலிட்டு, கோயில் கூட்டுகிறவள் அந்த மிச்ச முடியை விரல்களால் கோதி, சவுரியை மறுபடி வைத்துக் கட்ட முயன்றுகொண்டிருந்தாள். ஊசிகள் குழந்தையின் கையில் இருந்தன. அம்மா அழுதுகொண்டிருந்தாள். முகத்தை மூடாமல், சத்தமில்லாமல், நான் அதுவரை பார்த்திராத விதத்தில்.

நான் பக்கத்தில் போய், "எத்தன குறையுதும்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். நூறு போதவில்லை, அவர் எண்ணி முடிக்கும் முன்னே நான் கண்ணைத் திறந்துவிட்டேன் என்று பட்டது. அவள் மடியில் முகத்தைப் புதைத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.