ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்ட அடையாள அட்டை

பத்து நாள் லீவு கேட்டபோது, கப்பலில் போகிறேன் என்று கந்தோரில் சொன்னேன். பொய்யில்லை. போரால் தரைப்பாதை மூடிக் கிடந்த வருடங்கள் அவை. மட்டக்களப்பில் இருந்து யாழ்ப்பாணம் போக நினைத்தவர், திருகோணமலைவரை பஸ்ஸில் போய் அங்கே கப்பலேற வேண்டும். கப்பலில் நீச்சல் தடாகம் உண்டா என்று ஒருவர் விசாரித்தார். சுற்றிவர இருக்கிறது என்றேன்.

பயணம் அம்மாவுடையது, நான் பெட்டி தூக்கி. அவருடைய ஒரே தங்கை, என் சின்னம்மா, யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் இருந்தார். இருவரும் முகம் பார்த்து ஒன்பது வருடம். சித்தப்பா இறந்த தந்தியே எங்களுக்கு முப்பத்தோராம் நாள் கழிந்துதான் கிடைத்தது. கப்பலில் இடம் கிடைக்க நான்கு மாதம் காத்திருந்தோம். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கப்பல் புதன் காலை. செவ்வாய் பின்னேரம் நான்கு மணிக்குள் திருகோணமலையில் பதிய வேண்டும். ஆனால் செவ்வாயில் வடக்கே சூலம்; திருகோணமலையோ வடக்கு. இதற்குப் பஞ்சாங்கத்திலேயே ஒரு குறுக்கு வழி உண்டு. முதல் நாள் நல்ல நேரத்தில் பயணச் சாமான் ஒன்றை வடக்குப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு. எங்களுக்கு வடக்கே இருந்தது கலியாண உடுப்புத் தைக்கிற பறங்கி அன்ட்டியின் வீடு.

அங்கே வைப்பதற்கு அம்மா ஒரு சீலையை மடித்துக்கொண்டிருந்தார். அலுமாரி நிறையப் புத்தகம் படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"சீலை போனா நீங்க போன மாதிரியா அம்மா? உங்களை நீங்கதான் எண்டு சொல்றது ஐசிதானே. அதை வையுங்க."

அம்மா யோசித்தார். "இப்பதான் நீ ஒரு புத்தியுள்ள கதை கதைச்சிரிக்காய்."

நாற்பது வருடத்தில் என் யோசனை ஒன்றை அம்மா அப்படியே ஏற்றது அதுதான் முதல் தடவை. அடையாள அட்டை ஒரு கைக்குட்டையில் முடிச்சாகி அன்ட்டி வீட்டுக்குப் போனது. காலையில் போகும் வழியில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் இருவருமே மறந்துபோனோம்.

ஊர் எல்லைச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம்.

"அம்மா, ஐசி?" என்றான் இளம் ஆமிக்காரன்.

அம்மா கைப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அது நேற்றே வெளிக்கிட்டுப் போயிற்றே, மனே."

கொண்டக்டர் எங்கள் பெட்டிகளை இறக்கி வைத்தார். "குறை நினைக்காதீங்க ஐயா, உள்ள இரிக்கிற சனம் என்னைத் திண்டுரும்." பஸ் போய்விட்டது.

"வாங்க, திரும்பிப் போய் எடுப்பம்."

"நான் வரமாட்டன். திரும்பினா பயணம் முடிஞ்ச மாதிரி." அம்மா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "நீ போய் எடுத்திட்டு வா. நம்மட வீட்டு வளவுக்குள்ள மட்டும் கால் வைச்சிராத."

சாவடிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் சைக்கிள் இரவல் வாங்கினேன். அதன் பிரேக் அடிக்கடி பிடித்துக்கொண்டது. பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை. அன்ட்டி வாயில் குண்டூசிகளோடு கதவைத் திறந்தார். விசயத்தைக் கேட்டதும் ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தார். முடிச்சு அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் இருந்தது.

"துலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர் இவர். துலையாத சாமானைக் கொண்டந்து குடுத்தா அவர் என்னதான் செய்வார்?"

திரும்பி வந்தபோது அம்மா சாவடிக்குள் கதிரையில் இருந்தார். சின்னம்மாவுக்கென்று சுட்ட முறுக்கை ஆமிக்காரன் தின்றுகொண்டிருந்தான். அவன் அட்டையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. றோட்டில் இறங்கி, திருகோணமலைக்கு நெல் ஏற்றிப் போன லொறி ஒன்றை மறித்தான்.

"அம்மாட தங்கச்சி, ஒன்பது வருசம்," என்று எனக்கே விளக்கம் சொன்னான். "எண்ட தங்கச்சியும் நான் ஒரு வருசம் பாக்க இல்லை. போங்க, போங்க."

அம்மா டிரைவருக்குப் பக்கத்தில், நான் மூட்டைகளின்மேல். வழியில் ஒவ்வொரு சாவடியிலும் மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். நான் மூட்டை இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று காட்டினேன்.

பதிவு மண்டபத்தை அடைந்தபோது மூன்றே முக்கால். அங்கே புதிதாக ஒரு பயம் பிடித்தது. படிவத்தில் பயணத்துக்கான காரணம் கேட்டிருந்தது: வைத்தியம், மரணம், உத்தியோகம். நாங்கள் மூன்றிலும் இல்லை. "வைத்தியம் எண்டு சொல்லுங்க," என்று அம்மாவின் காதில் சொன்னேன்.

"என்ன காரணம் அம்மா?" என்றார் கிளாக்கர்.

"செத்தவீட்டுக்கு நான் பிந்திற்றன், தம்பி. எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. தங்கச்சியோட பத்து நாள் இருந்து கதைச்சிற்று வரப்போறன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். படிவத்தில் அச்சடித்திருந்த மூன்று காரணங்களையும் கிளாக்கர் வெட்டிவிட்டு, ஓரத்தில் 'சகோதரியைச் சுகம் விசாரிக்க' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"நாளைக்குக் காலம்பற அஞ்சரைக்கு வரிசைக்கு வந்திருங்க அம்மா."

"அஞ்சுக்கே வாறன்," என்றார் அம்மா.