தேசிமரத்துக்குத் தண்ணி ஊத்தினவர்

பேய் பிசாசு எண்டால் நான் பகிடி பண்ணுற ஆள், முதலே சொல்லிப்போடுறன். இந்த வலைப்பதிவை முந்தி வாசிச்ச ஆக்களுக்கு அது தெரியும். நெடுந்தீவுக் குதிரையள் மனிசரைக் கண்டால் ஏன் முகத்தைத் திருப்புதுகள், நயினாதீவுக்குப் போற லோஞ்சிலை டிக்கெட் இல்லாமல் ஏறிப்போய் அன்னதானம் முடிச்சுக்கொண்டு அடுத்த லோஞ்சிலை திரும்பி வாற காகம், பெருக்கமரத்து வயித்துக்குள்ளை எத்தினை பேர் நிண்டு கதைக்கலாம், இப்பிடி ஒருத்தருக்கும் உதவாத விசயங்களை எழுதிறதுதான் அப்ப என்ரை பொழுதுபோக்கு. சம்பளம் தாறது வேறை வேலை, பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிறது. ஆனபடியால் இந்தக் கதையை வேறை ஆரும் எழுதியிருந்தால் கீழை வந்து முதல் நக்கல் அடிக்கிறவன் நானாய்த்தான் இருந்திருப்பன். நீங்களும் அடியுங்கோ, நான் கோவிக்க மாட்டன்.

2005ஆம் ஆண்டு, சமாதான காலம். சனிக்கிழமையிலை பஸ் பிடிச்சு யாழ்ப்பாணம் போய் நெற் கபேயிலை குந்தியிருந்து பதிவு போட்டுவிட்டு வருவன். எழுத ஒண்டும் அம்பிடாத ஒரு கிழமை, சரவணையிலை ஒரு பாழடைஞ்ச வளவுக்குள்ளை பின்னேரத்திலை கப்பி கத்துதாம், ஆரோ தண்ணி அள்ளுறாங்களாம் எண்டு ஒரு கதை காதிலை விழுந்தது. விடுவனே. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனன்.

இடம்பெயர்ந்து போன சனத்திலை திரும்பி வராத ஆக்களின்ரை வளவுதான் அது. கூரை இல்லை, சுவர் பாதி. கிணத்துக்கு மேலை கப்பி மட்டும் தொங்குது, கயிறும் இல்லை வாளியும் இல்லை. பக்கத்து வளவு பூமணி அக்கா ஆடு கட்டிக்கொண்டு நிண்டவா, அவாட்டைப் போய்க் கேட்டன், உங்களுக்குப் பயமில்லையோ எண்டு.

"என்னத்துக்குப் பயம் தம்பி? அந்த மனிசன் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கிறேல்லை. தண்ணி அள்ளி ஊத்திப்போட்டுப் போயிடும்."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. பின்னேரம் வரை நிண்டு பாக்கவும் பொறுமை இல்லை. திரும்பி வந்து, சரவணைப் பேய் வலு உழைப்பாளி, லீவு எடுக்கிறேல்லை, எங்கடை அரசாங்கக் கந்தோர்களிலை சிலரை எடுத்துப்போட்டு அவரை வைக்கலாம், உண்மையிலை அது காத்துக்குக் கப்பி கத்துற சத்தம் எண்டு ஒரு பதிவு போட்டன். நல்லாய்ச் சிரிச்சினம் சனம்.

அடுத்த சனிக்கிழமை போய்த் திறந்து பாத்தால் கனடாவிலையிருந்து ஒரு பின்னூட்டம். பேர் மலர். தம்பி, அது எங்கடை வீடு எண்டு தொடங்குது. அந்தச் சிரிப்புகளுக்கு நடுவிலை அதை வாசிக்க எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. ஆனால் அவா கோவிக்கேல்லை. ஒரேயொரு விசயம்தான் கேட்டிருந்தா, கிணத்தடியிலை ஒரு தேசிமரம், எலுமிச்சை, நிண்டது, அது உயிரோடை நிக்குதோ எண்டு.

பிறகு மின்னஞ்சலிலை மிச்சத்தைச் சொன்னா. தொண்ணூறிலை சண்டைக்குப் பயந்து சனம் வெளிக்கிட்டு ஓடின நாளிலை தமையன், இராசன் அண்ணை, நீ சனத்தோடை போ, நான் மாட்டை அவிட்டு விட்டிட்டுப் பின்னாலை வாறன் எண்டவராம். இவா படலையடியிலை நிண்டு திரும்பி, அண்ணை, தேசிக்கு ஒருக்காத் தண்ணி ஊத்திவிடு எண்டு சொல்லிப்போட்டுப் போனவா. தானே நட்ட கண்டு, அப்பதான் முதல் பூ பூத்தது. அண்ணை வரவேயில்லை. உடம்பும் இல்லை, ஒரு தகவலும் இல்லை. அவா எழுதினதை அப்பிடியே போடுறன்: "நான் தண்ணி ஊத்தச் சொன்னதாலைதான் அண்ணை பிந்தினவர் தம்பி. இத்தினை வருசமாய் நான் தேசிக்காய் வாங்குறதில்லை."

மரம் பட்டுப்போயிருக்கும், அதை எப்பிடி அவாவுக்குச் சொல்லுறது எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் திரும்பப் போனன்.

ஆவணி மாசத்து வெயில் எங்கடை தீவிலை எப்பிடியிருக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்களுக்குத்தான் இது விளங்கும். புல்லு எல்லாம் கருகி, பூவரசு கூட இலையைக் கொட்டிப்போட்டு நிக்குது. முதல் தரம் வந்தபோது நான் கிணத்துக்கு அங்காலை எட்டிப் பாக்கேல்லை. இப்ப பாத்தன். தேசிமரம் பச்சைப்பசேலெண்டு நிக்குது. அடியிலை வட்டமாய்ப் பாத்தி, கரையெல்லாம் ஒழுங்காய் அணைச்சு விட்டிருக்கு. பாத்திக்குள்ளை கையை வைச்சன். ஈரம். பூமணி அக்காவிட்டை நீங்களோ ஊத்துறது எண்டு கேட்டன், என்ரை ஆட்டுக்கே ரோட்டுக் குழாயிலை அள்ளுறன், உதுக்கு ஆர் ஊத்துறது எண்டா.

இந்த முறை பின்னேரம் வரை இருந்தன். கப்பியைக் கையாலை உருட்டிப் பாத்தன், துருப் பிடிச்சு இறுகிப்போய் அசையவே இல்லை. காத்தும் இல்லை, பனையோலை ஒண்டு ஆடேல்லை. வெயில் சாயுற நேரம், நம்பினால் நம்புங்கோ, கீச், கீச் எண்டு கப்பி கத்தத் தொடங்கினது. நான் பக்கத்திலைதான் நிக்கிறன், அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன், கப்பி உருளேல்லை. சத்தம் மட்டும் வருது. கொஞ்சத்தாலை நிண்டுது. பிறகு தண்ணி விழுந்த மண்ணின்ரை மணம் வந்தது. ஓடத்தான் நினைச்சன். எண்டாலும் சத்தியமாய்ச் சொல்லுறன், பயத்தை விட எனக்குப் பாவமாய்த்தான் இருந்தது.

மரம் நிக்குது எண்டு மலரக்காவுக்கு எழுதினன். மற்றதையும் எழுதினன், மறைக்க மனம் வரேல்லை. இரண்டு நாள் கழிச்சுப் போன் எடுத்தா. "எனக்காண்டி ஒருக்காப் போய் அண்ணையிட்டைச் சொல்லும் தம்பி. ஊத்தினது காணுமாம், போதுமாம் எண்டு சொல்லும்."

கணக்கு வாத்தி, ஆளில்லாத வளவுக்குள்ளை, துருப் பிடிச்ச கப்பியைப் பாத்துக் கதைக்கிறான். ஆராவது கண்டிருந்தால் என்ரை வேலை போயிருக்கும். "இராசன் அண்ணை, மலரக்கா கனடாவிலை சுகமாய் இருக்கிறா. நீங்கள் செய்தது காணுமாம். இனி மரத்துக்கு நான் ஊத்துறன், நீங்கள் போங்கோ" எண்டு சொன்னன். அண்டைக்குப் பின்னேரம் கப்பி கத்தேல்லை. அதுக்குப் பிறகும் கத்தேல்லை.

சொன்னால் செய்ய வேணுமே. கனகாலம் புழங்காத கிணறு எண்டால் ஒருக்கா முழுக்க இறைச்சுச் சேறு எடுத்துப்போட்டுத்தான் தண்ணி அள்ளுவம், அது எங்கடை வழக்கம். இரண்டு பேரைப் பிடிச்சு இறைச்சு, புதுக் கப்பி பூட்டி, தும்புக் கயிறு வாங்கி வாளியைக் கட்டினன். எனக்குத் தெரிஞ்சது ஒரேயொரு முடிச்சு, அதிலையும் நுனி அரைச் சாண் நீட்டிக்கொண்டு நிக்கும். சப்பாத்துக்கு நாடா கட்டின மாதிரிக் கிடக்கு எண்டு பூமணி அக்கா சிரிச்சவா.

அடுத்த வருசம் யாழ்ப்பாணத்துக்கு வாற பாதை பூட்டி, திரும்பச் சண்டை தொடங்கினது. மலரக்கா வர எடுத்த டிக்கெட்டும் வீணாய்ப் போச்சு. பதிவு எழுதுறதையும் நான் விட்டிட்டன், பகிடி வரேல்லை; அதுக்குப் பிறகு இதுதான் முதல் பதிவு. தண்ணி ஊத்துறதை மட்டும் விடேல்லை. தும்புக் கயிறு இத்துப்போகும், மாத்துவன், எத்தினையோ தரம் மாத்தினன். ஒவ்வொரு தரமும் கட்டினது நான்தான், வேறை ஒருத்தரும் அந்தக் கிணத்தடிக்கு வாறேல்லை.

சண்டை முடிஞ்சு, 2009 கடைசியிலை அவா வந்தா. முழுக்க நரைச்சுப்போச்சு. வீட்டைப் பாக்கேல்லை, நேரை கிணத்தடிக்குப் போனா. ஒரு வாளி தான் அள்ளி ஊத்த வேணும் எண்டா. அள்ளி ஊத்தினா. காய் ஒண்டு பிடுங்கி மணந்து பாத்தா, அழுதா, நான் அங்காலை திரும்பி நிண்டன். பிறகு வாளியைக் கிணத்துக்கட்டிலை வைச்சிட்டு, முடிச்சைப் பெருவிரலாலை தடவித் தடவிப் பாத்துச் சிரிச்சா.

"அண்ணை கட்டினது அப்பிடியே கிடக்குது தம்பி. சின்னனிலை தும்புக் கயித்து நுனி என்ரை கையைக் கீறிப்போட்டுது எண்டு, பிறகு எப்பவும் நுனியைக் கயித்துப் புரிக்குள்ளை செருகித்தான் கட்டுவார்."

பாவம், மனிசி குழம்பிப்போனா, இது நான் போன மாசம் வாங்கின கயிறு எண்டு சொல்ல வாயெடுத்தன். அவாவின்ரை முகத்தைப் பாத்திட்டுச் சொல்லேல்லை.

அவா போன பிறகு வாளியைத் தூக்கிப் பாத்தன். நான் நீட்டிவிட்ட நுனி இல்லை. புரியைப் பிரிச்சு, உள்ளுக்கை செருகி, தடவினால் கூடத் தெரியாத மாதிரி இறுக்கிக் கிடக்குது. எனக்கு அப்பிடிக் கட்டத் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. நாலு வருசமாய் அந்தக் கயிறுகளை இந்தக் கையாலை பிடிச்சு அள்ளினனான். ஒரு நாளும் கை கீறுப்படேல்லை. ஏன் கீறுப்படேல்லை எண்டு நான் ஒருக்காலும் யோசிச்சுப் பாக்கேல்லை.