டிரெசர் மொழிபெயர்க்காத சிரிப்பு

கோலாலம்பூருக்கு வந்து நாலு வருஷமாகியும் எனக்குப் பழகாத ஒன்று, பக்கத்து வீட்டு மலாய்க்காரி ஃபாத்திமாவின் சிரிப்பு. காலையில் துணி உலர்த்த வருவாள். என் அரைகுறை மலாயில் நான் ஏதாவது சொல்வேன். உடனே தொடையில் தட்டிக்கொண்டு, வாயைப் பொத்தாமல், தெருக்கோடி வரை கேட்கும்படி சிரிப்பாள். ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பொம்பளை சிரிச்சா போச்சு என்று நம் ஊரில் பழமொழியே வைத்திருக்கிறோம். இவள் சிரித்து இங்கே எதுவும் போனதாகத் தெரியவில்லை. அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வரும். துணிக்கொடிக் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சிரிப்பேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், கப்பலேறி வந்தவர்களில் எவளுக்காவது என் கதி இருந்தால் அவளுக்கும்.

சங்கரன்கோவிலில் எங்களுக்குத் தறிதான் பிழைப்பு. தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. பதிமூன்று வயதில் என் கோளாறு தொடங்கியது. பட்டப்பகலில், ராட்டையில் வைத்த கை வைத்தபடியே தூங்கிப்போவேன். சோற்றில் கை வைத்தபடியும் தூங்கியிருக்கிறேன். அது ஒன்று. இன்னொன்று, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் இரண்டும் விட்டுப்போகும், பொத்தென்று விழுவேன். நினைவு தப்பாது. சுற்றி நிற்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். வாயைத் திறந்து பதில் சொல்லத்தான் முடியாது. ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடுவேன்.

பயந்துபோன அம்மா என் நெற்றி நிறையப் புற்றுமண் பூசி, கோமதியம்மன் சந்நிதியில் பேய் பிடித்தவர்களை உட்காரவைக்கும் சக்கரக் குழியில் என்னையும் உட்காரவைத்தாள். கல் குளுகுளுவென்று இருந்தது. சுகமாகத் தூங்கிவிட்டேன். "எறங்கிட்டு! எறங்கிட்டு!" என்று சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைத் திட்டாமல் அரைமணி நேரம் தூங்கவிட்டவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் சிரித்தேன், விழுந்தேன். அம்மா யோசித்துவிட்டு, "ஏட்டி, சிரிச்சாத்தான விழுத? சிரிக்காம இருந்துரு" என்றாள். அதுவும் ஒரு வைத்தியம்தானே! பழகிக்கொண்டேன். யாராவது கேலிப் பேச்சை ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். தெரு முழுக்க எனக்கு அடக்கமான பிள்ளை என்று பெயர் வந்துவிட்டது. மலாயாவில் ரயில்வே வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பெண் தேடி வந்தவர்கள், பல் தெரியச் சிரிக்காத பிள்ளை என்று விசாரித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

மாப்பிள்ளையோ வாயைத் திறந்தால் கேலிதான். கப்பலிலேயே அவர் எதையோ சொல்ல, நான் மேல்தளத்தில் விழுந்தேன். கட்டின பெண்டாட்டி செத்துப்போனாள் என்றே நினைத்துவிட்டார் மனிதர். அன்றோடு கேலியை நிறுத்தினார். அவருக்குப் பேச ஆசை, எனக்குச் சிரிக்க ஆசை; இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரு வீட்டில் குடித்தனம் செய்தோம்.

எட்டாம் வகுப்பு படித்திருந்ததால் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மா ஆனேன். அந்த வேலை எனக்கு உயிர். ஆனால் பிள்ளைகள் ஆத்திச்சூடி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிடுவேன். ஆசுபத்திரிக்குப் போனோம். முதலில் ரத்தம் போதாது என்று டானிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை வலிப்பு என்று மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்து இன்னும் தூங்கினேன். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "வலிப்புக்காரங்களைப் பிள்ளைங்ககிட்ட விட முடியாதும்மா. இந்த மாசத்துக்குள்ள டாக்டர்கிட்ட வேற சீட்டு வாங்கிட்டு வாங்க, இல்லேன்னா நின்னுக்கிடுங்க" என்றார்.

மூன்றாம் முறை போனபோது வெள்ளைக்கார டாக்டர் புதியவர். டாக்டருக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்க, முந்தின இரண்டு தடவையும் இருந்த அதே யாழ்ப்பாணத்து டிரெசர், நம் ஊர்க் கம்பவுண்டர் மாதிரி; கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, முறுக்கின மீசை, நல்ல மனிதர். நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் பொறுக்கியிருந்தேன். என் பேச்சில் பாதி வழியிலேயே காணாமல் போவது தெரிந்தது.

"அண்ணாச்சி, சிரிச்சா விழுதேன்னு சொன்னேன்லா, அதை நீங்க சொல்லலியே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா இரும் பிள்ளை. குடும்பப் பொம்பிளை சிரிச்சு விழுறா எண்டு வெள்ளைக்காரனிட்டச் சொல்லுறதே? மயக்கம் எண்டு சொல்லியிருக்கிறன். உம்மட மரியாதையையும் பாக்க வேணுமெல்லே?"

"விடுட்டி, மயக்கம்னே இருக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரரும்.

இரண்டு தடவையும் இந்த இருவரும் சேர்ந்து என் மானத்தைக் காப்பாற்றியதில், என் வியாதி டாக்டரிடம் போய்ச் சேரவே இல்லை! எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றேன். "டாக்டர்! ஐ லாஃப், ஐ ஃபால். நோ மயக்கம். ஐ ஹியர் ஆல்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பா, என்ன மாதிரிச் சிரிப்பு என்று டிரெசரிடம் கேட்டார். தப்ப வழியில்லை. அந்த மீசைக்காரர் விறைப்பாக நின்று, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அரசாங்க உத்தரவு வாசிக்கிற முகத்தோடு "ஹி, ஹி" என்று நடித்துக் காட்டினார்.

எத்தனையோ வருஷம் அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. விழுந்தேன்.

டாக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார், கால் அசையவில்லை. எழுந்ததும் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் 'வெயிட்' என்றார். டிரெசர் அண்ணாச்சி "முருகா, நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார். என் வீட்டுக்காரர் என்னைத் தங்கம் என்று கூப்பிட்டார். கலியாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. டிரெசர் இந்தமுறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார், தங்கம் உட்பட. டாக்டர் சிரித்துவிட்டு ஒரு தாளில் பெயரை எழுதினார். நார்கோலெப்ஸி. பேய் இல்லை, வலிப்பு இல்லை, சோம்பலும் இல்லை. தூக்கமும் விழுவதும் ஒரே வியாதியின் இரண்டு முகமாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

வேலை நிலைத்தது. பகலில் இருபது நிமிஷம் நான் தூங்கியே ஆகவேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால், தலைமையாசிரியர் தன் அறை பெஞ்சையே ஒழித்துக் கொடுத்தார். வெள்ளை மாத்திரையால் தூக்கம் பாதி குறைந்தது. விழுவது முழுசாகப் போகவில்லை, போனால் போகட்டும். என் வீட்டுக்காரர் மறுபடி கேலி பேச ஆரம்பித்துவிட்டார். "பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

போன மாதம் ஸ்டூடியோவில் இரண்டு படம் எடுத்துக்கொண்டோம். ஒன்றில் தலை குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்று எடுக்கிற நேரம் பார்த்து அவர் காதில் எதையோ சொல்லிவிட்டார். வாயெல்லாம் பல்லாக, நாற்காலிக் கையைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருக்கிறேன். அடக்கமானதை அம்மாவுக்கு அனுப்பினேன். போன வாரம் அது திரும்பி வந்தது. கூடவே, யாரையோ வைத்து அம்மா எழுதிய கடிதம்: "இந்தப் பிள்ளைய நான் நெறைய நாள் பாத்தாச்சு, இது உங்கிட்டயே இருக்கட்டும். சிரிச்சாப்ல ஒண்ணு இருந்தா அனுப்பு மக்கா. நீ சிரிச்சா எப்படி இருப்பன்னு எனக்கு மறந்துபோச்சு."

அனுப்பிவிட்டேன். இப்போது, சிரிக்கப் படித்துக்கொண்ட இந்த ஊரில் அடக்கமான பிள்ளை சுவரில் தொங்குகிறாள். சிரிக்காதே என்று சொன்ன சங்கரன்கோவில் வீட்டில், தறிச் சத்தத்துக்கு நடுவே, நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.