களத்துப் பங்கு

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லை விட்டு அகரம் பக்கம் குடிபோனோம். என் கணவர் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. டவுனில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு பக்கம் தோல் வாடை, இன்னொரு பக்கம் புகையிலை நெடி. நல்ல காற்று வேண்டும் என்று தோட்டங்களுக்கு நடுவே இடம் வாங்கி ஓட்டுவீடு கட்டினார். நானும் சந்தோஷமாகத்தான் மூட்டை கட்டினேன்.

தை மாதம் ஒருநாள் காலையில் பக்கத்துத் தோட்டக்காரரும் அவர் மனைவியும் எங்கள் முள்வேலியில் ஒரு பகுதியை விலக்கிவிட்டு, வண்டி வண்டியாகச் சோளக்கதிரைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்கள். மாடுகளைப் பிணைத்துக் கதிர்மேல் சுற்றவிட்டார்கள். கேட்டால், அது அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து கதிரடிக்கிற களமாம். இடத்தை விற்ற டவுன்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"நாங்க உங்க வாசலுக்கு வரலைம்மா. நீங்கதான் களத்துல வீடு கட்டியிருக்கீங்க" என்றாள் அந்த அம்மாள், கோபமே இல்லாமல். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பக்கம் நியாயம் இருப்பதாகவும் பட்டது.

சோளத் தூசி லேசுப்பட்டதல்ல. கொடியில் காய்ந்த வேட்டியில் சுணை ஏறி, அதைக் கட்டிக்கொண்டு அலுவலகம் போன என் கணவர் நாள் முழுக்கச் சொறிந்திருக்கிறார். சாயங்காலம் சைக்கிளைப் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே களத்துக்குள் நடந்தார். தூற்றிக் குவித்த தானியப் பொலியின் ஓரத்தில் நின்று, நாளைக்கே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகவேண்டும், வேலியை அடைக்கப்போகிறேன் என்று சத்தம் போட்டார். களத்தில் யாரும் செருப்போடு கால்வைப்பதில்லை. அவர் காலடியில் தானியம் கிடந்தது. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

அவர் ஓய்ந்ததும் அந்த அம்மாள் ஒரு சொளகு நிறையச் சோளத்தை அள்ளி அவரிடம் நீட்டினாள். பொலி கண்டபின் களத்தில் நிற்கிறவர் யாராக இருந்தாலும், சண்டைக்கு வந்தவராகவே இருந்தாலும், வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். இவருக்கு அது தெரியாது. வாயை அடைக்கக் கொடுப்பதாக நினைத்துவிட்டார். "நான் என்ன உங்ககிட்டப் பிச்சையா கேட்டேன்?" என்று சொளகைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கொடுத்த தானியத்தைத் திரும்பப் பொலியில் சேர்க்கக்கூடாதாம். சொளகு அப்படியே களத்தோரம் கிடந்தது. மறுநாள் அதைக் குருவிகள் தின்றன.

ஏசியதைக்கூடப் பொறுத்திருப்பார்கள், வாங்க மறுத்ததை அவர்களால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் நல்ல தண்ணீர் அவர்கள் கிணற்றில்தான். அதில் வாளி போட்டு இறைக்க உருளை கிடையாது. மாடு பூட்டிக் கமலை இறைக்கும்போது வாய்க்காலில் குடத்தை வைத்துப் பிடித்துக்கொள்வேன். மறுநாளிலிருந்து விடியுமுன்னே இறைத்து முடித்துவிட்டார்கள். நான் போனால் வாய்க்காலில் ஈரம் மட்டும் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு அகரத்து ஊர்க்கிணறு வரைக்கும் நடந்து தண்ணீர் சுமந்தேன். இவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டவுனுக்கே திரும்பிவிடலாம் என்றார். தூசியும் ஆகாது, தோல் வாடையும் ஆகாது என்றால் எங்கேதான் குடியிருப்பது என்று கேட்டேன். பிரசவத்துக்கு முன்னால் இன்னொரு வீடு தேடி அலைய என்னால் முடியாது.

இவர் வேலியை அடைக்கவும் இல்லை, அவர்கள் கதிரடிப்பை நிறுத்தவும் இல்லை. கடைசிக் கதிர் அடித்த அன்று, இவர் அலுவலகம் போனதும் என் சொளகை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு களத்தில் போய் நின்றேன்.

"அக்கா, எங்க வீட்டுப் பங்கு எங்க? அன்னைக்கு வந்தவரு செருப்போட வந்தாரு. அவரைக் கணக்குல சேக்காதீங்க."

தோட்டக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சொளகு நிறைய அள்ளிப் போட்டாள். நான் திரும்பியபோது, "செத்த நில்லு ஆத்தா" என்று நிறுத்தி, இன்னும் அவ்வளவு அள்ளி என் முந்தானையில் போட்டாள். இது எதற்கு என்றேன்.

"வயித்துல இருக்கிறதும் களத்துலதானே நிக்கிது."

மறுநாள் வெயில் ஏறியபின் குடத்தோடு போனேன். கமலையில் மாடுகளைப் பூட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். என் தலை தெரிந்ததும் ஓட்டினார்கள்.