ஊமைக் கட்டையின் மெட்டு

அம்மா இறந்து ஏழாம் மாதம், ஐரோப்பாவில் இசை கற்பிக்கும் அண்ணன் தாம் இயற்றிய புதிய இசைக்கோவையைக் கைபேசிக்கு அனுப்பினார். தனிப் பியானோவுக்கானது: ஒரு மெட்டு, அதன்மேல் பன்னிரண்டு மாறுபாடுகள். கூடவே ஒரு குறிப்பு: “மெட்டு, மட்டக்களப்பு வாவி மீனவர்களின் பழம்பாடல்.”

முதல் நான்கு சுரங்களிலேயே தெரிந்துவிட்டது. அது நான் போட்ட மெட்டு.

புளியந்தீவில் வாவியைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டுப் பியானோவில் அது பிறந்தது. பக்கவாதத்தில் விழுந்த அம்மா உணவுக்கு வாய் திறக்க மறுத்த காலம். ஒரு நண்பகல் மனம் வெறுத்து எதையோ வாசித்துவிட்டுக் கஞ்சியோடு போனேன், திறந்தார். அதன்பின் தினமும் அதையே வாசித்தேன். கஞ்சி ஆறிவிடக் கூடாதென்பதால் மெட்டும் சிறியது. உப்புக்காற்றில் பியானோவின் நடுக்கட்டை ஒன்று ஊமையாகிக் கிடந்தது. ஏறிப்போகும் மெட்டு போய்ச் சேரவேண்டிய இடமும் அதுதான். அழுத்துவேன், சத்தம் வராது. அந்தச் சுரத்தை மனதுக்குள் பாடிக்கொண்டு அடுத்த சுரத்துக்குப் போவேன். அம்மாவின் சுகத்தை அண்ணன் விசாரித்த ஒருநாள், அதைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தேன்.

அன்றே அவரை அழைத்தேன்.

“அண்ணா, அது மீனவர் பாட்டு இல்ல. நான் போட்டது.”

“ஓமோ? ஊர்ப்பாட்டெண்டெல்லோ நினைச்சன். இஞ்ச ஊர்ப்பாட்டெண்டாத்தான் மதிப்பு, தங்கச்சி.”

“அச்சடிக்கக்குள்ள என்ட பேரப் போடுங்க.”

“வந்து கதைப்பம்.”

அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு வந்தார். மூன்று வருடம் நான் கேட்டும் எட்டிப்பாராத பியானோ திருத்துநர், அண்ணன் வந்த மறுநாளே கொழும்பிலிருந்து வந்திறங்கினார். மாலைக்குள் அந்தக் கட்டை பேசியது.

பூசை முடிந்து உறவினரும் அயலவரும் கூடத்தில் அமர்ந்தார்கள். தாள் புரட்ட என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார் அண்ணன்.

“இது வாவி மீனவர்ர மெட்டு. நடுவில ஒரு மௌனம் வரும். அந்த மௌனந்தான் வாவி,” என்றார் அவர்களிடம்.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் மூதாட்டி கதவோரத்திலிருந்து அண்ணனைக் கேட்டார்: “எங்கட ஆக்களா பாடினாங்க, மனே? வலை இழுக்கக்குள்ள ஏசவே நேரம் காணாது!”

கூடம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்வார் என்று நினைத்தேன்.

“பழைய காலத்தில பாடியிருப்பாங்க, அம்மா,” என்றுவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

நேர்மையாகச் சொல்லவேண்டும்: இசை நன்றாக இருந்தது. மூன்றாம் மாறுபாடு இடக்கையால் மட்டும் நடந்தது; பக்கவாதத்துக்குப் பின்னும் அம்மாவுக்கு அசைந்த கை அது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். ஏழாவதில் மௌனம் நீண்டபோது யாரோ இருமினார். ஒவ்வொரு முறையும் அவர் விரல், இப்போது நன்றாக ஒலிக்கக்கூடிய அந்தக் கட்டையைத் தொடாமல் தாண்டிப் போனது. மெட்டோடு சேர்த்துப் பதின்மூன்று தடவை. நான் தாள் புரட்டினேன்.

எல்லோரும் தேநீருக்கு எழுந்தபோது கேட்டேன்: “பேர்?”

“அச்சுக்குக் குடுத்திட்டன். அடுத்த பதிப்பில பாப்பம். அத விடு, எப்பிடி இருந்திச்சு?”

“நல்லாயிருக்கு. ஒரு சுரம் விடுபட்டிருக்கு.”

அவர் முகம் மாறியது. “எது? எந்த இடத்தில?”

“தேத்தண்ணி ஆறுது, அண்ணா,” என்று குசினிக்குப் போனேன்.

திரும்பிப் போனபின் எந்தச் சுரமென்று இருமுறை எழுதிக் கேட்டார். மெட்டு யாருடையது என்பது முதலில் அச்சில் வரட்டும், பிறகு சொல்கிறேன் என்று பதில் அனுப்பினேன். அதன்பின் அவர் எழுதவில்லை. புத்தகம் வந்துவிட்டது. அதிலும் மீனவர்கள்தான் இருக்கிறார்கள்.

நண்பகலில் சில நாட்கள் யன்னல்களைச் சாத்திவிட்டு அதை முழுதாக வாசிக்கிறேன். அந்தச் சுரம் தெளிவாக விழுகிறது. அம்மா அதை ஒருநாளும் கேட்டதில்லை.